நீதிபதி நாற்காலியிலிருந்து இறங்கி அரசு வக்கீலா? ஒரு அப்பாவின் கேள்வி

நான்கு பக்கக் கடிதம். கையால் எழுதி, யாரோ ஒரு பையனிடம் கொடுத்து ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 71. தென்மாவட்டக் கோர்ட்டு ஒன்றில் ஊழியராகச் சேர்ந்து, சிரஸ்தாராக (கோர்ட்டு அலுவலகத்தின் தலைமை ஊழியர்) ஓய்வு பெற்றவர். ஒரே மகள். இந்தியாவில் சட்டம் படித்தார், திருமணமாகி அமெரிக்கா போனார், அங்கே மறுபடி படித்து வக்கீலாவதற்கான பார் எக்ஸாம் எழுதினார், குடியுரிமை பெற்றார். 2022 தேர்தலில் நின்று டெக்சாஸில் ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) குற்றவியல் கோர்ட்டுக்கு நீதிபதியானார். அன்றிலிருந்து ஊர்க் கொடையில் அப்பாவுக்குப் பரிவட்டம் கட்டும்போது “ஜட்ஜம்மா அப்பா” என்று சொல்லித்தான் கட்டுகிறார்களாம்.

இப்போது மகள், வரும் டிசம்பரோடு பதவிக்காலம் முடிகிறது, மறுபடி நிற்கப் போவதில்லை, ஃபெடரல் (மத்திய) அரசு வழக்கறிஞர் வேலைக்கு மனு செய்திருக்கிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. “முப்பத்தி நாலு வருஷம் ஜட்ஜுகளுக்கு முன்னால் கை கட்டி நின்றவன் நான். என் மகள் மேலே உட்கார்ந்ததைப் பார்த்து நிம்மதியாகச் சாகலாம் என்று இருந்தேன். அவள் கீழே இறங்கி இன்னொரு ஜட்ஜுக்கு முன்னால் நிற்கப் போகிறேன் என்கிறாள். ஏதாவது தப்பு நடந்து, ராஜினாமா செய்யச் சொல்லிவிட்டார்களோ? எங்களிடம் மறைக்கிறாளோ?” இதுதான் அவர் முதல் கேள்வி. அரசு வக்கீல் வேலை ஆட்சி மாறினால் போய்விடாதா, போதைக் கடத்தல்காரர்களின் பகை வராதா, பின்னால் நீதிபதியாகத் திரும்ப முடியுமா என்றும் கேட்கிறார். கடைசிப் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் ஒரு வரி: மகள் பெயரையும் சேர்த்து ஒரு வீட்டு மனையும் 15 லட்சம் டெபாசிட்டும் வைத்திருக்கிறாராம். “அதெல்லாம் அங்கே சொல்ல வேண்டியதில்லைதானே?”

அந்தக் கடைசி வரியைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டால் கடிதத்தில் உடனடியாகக் கவனிக்க வேண்டியது அது ஒன்றுதான்.

அன்புள்ள ஐயா,

முதலில் உங்கள் தூக்கத்துக்கு ஒரு வார்த்தை. டெக்சாஸில் ஒரு நீதிபதி மறுபடி தேர்தலில் நிற்காமல் இருப்பதற்கும், நம் ஊரில் ஒரு நீதிபதி பாதியில் வேலையை விடுவதற்கும் சம்பந்தமே இல்லை. நம் ஊரில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி உள்ளே வந்தவர் 60 வயது வரை இருப்பார். நடுவில் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், வாஸ்தவம். டெக்சாஸில் அந்த நாற்காலி நான்கு வருடக் குத்தகை மாதிரி. கட்சிச் சின்னத்தோடு நின்று, வீடு வீடாகப் போய், நன்கொடை வசூலித்து ஜெயிக்க வேண்டும். காலம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

அதில் நல்லவர் கெட்டவர் பார்வையும் கிடையாது. 2018-இல் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் நீதிபதி இடங்களை ஒரே கட்சி வழித்துக்கொண்டு போனது. வருடக்கணக்கில் நல்ல பெயரோடு இருந்தவர்களும் ஒரே இரவில் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் எழுதிய தீர்ப்பு எதையும் வாக்காளர் படித்திருக்கவில்லை. வாக்குச்சீட்டின் மேலே கட்சிப் பெயரில் ஒரு குறி போட்டால் எல்லா இடத்துக்கும் அந்தக் கட்சிக்கே ஓட்டு விழும் முறை அப்போது இருந்தது. 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். கட்சித் தேர்தல் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் மகள் அந்த ஓட்டத்தில் இன்னொரு முறை ஓட விரும்பவில்லை என்றால் அதில் மறைக்க ஒன்றும் இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு சின்னத் திருத்தம். ஊரில் “கவுண்டி ஜட்ஜ்” என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். டெக்சாஸில் அந்தப் பெயரில் வேறொரு பதவி உண்டு. அவர் கவுண்டி நிர்வாகத்தின் தலைவர், ஏறக்குறைய நம் மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி. உங்கள் மகள் இருப்பது கவுண்டி குற்றவியல் கோர்ட். குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, கடையில் சில்லறைத் திருட்டு, கைகலப்பு மாதிரியான வழக்குகள். அதிகபட்சம் ஒரு வருடம் சிறை, 4,000 டாலர் அபராதம். நீங்கள் பழகிய கோர்ட்டுகளில் மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

‘பி.பி.’ என்ற சொல்லால் வந்த குழப்பம்

உங்கள் மனக்கண்ணில் இருக்கும் அரசு வக்கீலை, அதாவது பி.பி.யை (பப்ளிக் பிராசிக்யூட்டர்), எனக்கும் தெரியும். சென்னையில் பதினோரு வருடம் வக்கீலாகக் கறுப்புக் கோட்டு போட்டுவிட்டுத்தான் அமெரிக்கா வந்தேன். இன்ஸ்பெக்டர் விசாரிப்பார், குற்றப்பத்திரிகை போடுவார், கட்டு பி.பி.யின் மேசைக்கு வரும். அதில் இருக்கிற ஓட்டைகளோடு அவர் மாரடிக்க வேண்டும். சாட்சி பிறழ்ந்தால் திட்டு அவருக்கு. டபேதார் மூன்று தரம் கூப்பிட்டும் சாட்சி வரவில்லை என்றால் வாய்தா. இதைப் பார்த்தே தலை நரைத்த உங்களுக்கு, மகள் அந்த இடத்துக்குப் போகிறாள் என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

அமெரிக்க ஃபெடரல் வழக்கில் வரிசையே வேறு. எஃப்.பி.ஐ.யோ போதைத் தடுப்பு அமைப்போ விசாரிக்கலாம். யார் மீது, எந்தப் பிரிவில் வழக்கு என்று முடிவெடுப்பவர் அரசு வழக்கறிஞர். பெரிய குற்றமானால் அவர்தான் கிராண்ட் ஜூரி முன்னால் போய் நிற்பார். 16 முதல் 23 பொதுமக்கள் உட்கார்ந்திருக்கும் அறை. நீதிபதி இருக்க மாட்டார், எதிர்த்தரப்பு வக்கீலும் இருக்க மாட்டார். 12 பேர் சரி என்றால் குற்றச்சாட்டு பதிவாகும்.

அப்புறம் நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். 2022 நிதியாண்டில் ஃபெடரல் கோர்ட்டுகளில் வழக்கு முடிந்தவர்களில் 100-க்குச் சுமார் 90 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். முழு விசாரணை வரை போனவர்கள் 100-க்கு இரண்டு மூன்று பேர். அதாவது பெரும்பாலான வழக்குகளில் முடிவு கோர்ட்டு மேடைக்கு வருமுன்பே எழுதப்பட்டுவிடுகிறது. எழுதும் பேனாவைப் பாதிக்கு மேல் பிடித்திருப்பவர் அரசு வழக்கறிஞர்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். டெக்சாஸில் ஒரு ஃபெடரல் கோர்ட்டில் 26 வயது லாரி ஓட்டுநர் ஒருவனுக்காக நான் ஆஜரானேன். கோகெய்ன் 500 கிராமுக்கு மேல். சில விலக்குகள் தவிர, குறைந்தது 5 ஆண்டு என்று சட்டமே சொல்கிறது. 5 கிலோ என்றால் 10 ஆண்டு. வண்டியில் துப்பாக்கியும் இருந்தது. போதைப்பொருள் வியாபாரத்துக்காகத் துப்பாக்கி வைத்திருந்தான் என்று தனிக் குற்றமாகச் சேர்த்தால் இன்னும் 5 ஆண்டு, அதுவும் முதல் தண்டனைக்குப் பின்னால் சேரும். இரண்டையும் ஒன்றாக அனுபவிக்க முடியாது. தாள் கப்பில் ஆறிப்போன காபியோடு ஒரு சின்ன அறையில் அரசு வழக்கறிஞரும் நானும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். அந்தப் பெண்ணுக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். துப்பாக்கியின் உரிமப் பதிவு, வண்டியின் முந்தைய பயணங்கள், அவன் போன் செய்திகள் எல்லாவற்றையும் திரும்பப் படித்துவிட்டு, இரண்டாவது குற்றச்சாட்டின் மேல் ஒரு கோடு போட்டார். பிறகு நீதிபதி முன் நின்றோம். நரைத்த தலை, மிகவும் இரக்கமானவர் என்று பெயர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பின் வரிசையில் இருந்த அந்தப் பையனின் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார், 5 ஆண்டு என்றார். அதற்குக் கீழே போக அவருக்கு வழியில்லை. 10 ஆண்டை 5 ஆக்கியது அந்தக் கோடு.

இறங்குவதா, ஏறுவதா என்று கேட்கிறீர்கள். எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வருகிறது.

1940-இல் ராபர்ட் ஜாக்சன் என்பவர் அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாக, அதாவது நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரியாக, இருந்தார். ஃபெடரல் அரசு வழக்கறிஞர்களைக் கூட்டி வைத்து, மனிதர்களின் உயிர், சுதந்திரம், நற்பெயர் மூன்றின் மேலும் உங்களுக்கு இருக்கும் அதிகாரம் இந்த நாட்டில் வேறு யாருக்கும் இல்லை என்று எச்சரிக்கையாகவே சொன்னார். மறுவருடம் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1945-இல் நாஜித் தலைவர்களை விசாரிக்க நியூரம்பர்க்கில் கோர்ட்டு கூடியபோது, அந்த நாற்காலியை விட்டுத் தற்காலிகமாக எழுந்து, அமெரிக்காவின் தலைமை அரசு வழக்கறிஞராகப் போய் நின்றார். அவருடைய தலைமை நீதிபதிக்கு அது பிடிக்கவில்லை என்பதும் உண்மை. அதாவது உங்களைப் போலவே அங்கேயும் முகம் சுளித்தவர்கள் உண்டு.

அவ்வளவு உயரம் வேண்டாம், உள்ளூர் கோர்ட்டையே பார்ப்போம். ஹூஸ்டனில் ரயன் பேட்ரிக் மாவட்டக் குற்றவியல் நீதிபதியாக இருந்தார், 2016 தேர்தலில் தோற்றார். 2018 ஜனவரியில் தெற்கு டெக்சாஸின் யு.எஸ். அட்டர்னி, அதாவது அந்தப் பகுதியின் ஃபெடரல் அரசு வழக்கறிஞர்களுக்குத் தலைவர், ஆனார். ஹூஸ்டனில் தொடங்கி மெக்சிகோ எல்லையில் லரேடோ, பிரவுன்ஸ்வில் வரை 43 கவுண்டிகள் அந்தப் பதவிக்குள் அடக்கம். மினசோட்டாவில் எரிக்கா மெக்டொனால்ட் தோற்று வந்தவர் இல்லை. மாவட்ட நீதிபதியாக இருந்தபோதே 2018-இல் அதே மாதிரிப் பதவிக்குப் போனார். நீதிபதி ஆவதற்கு முன்பே அவர் உதவி அரசு வழக்கறிஞராகப் பல வருடம் இருந்தவர். போவதும் வருவதுமாக ஓடும் பாதை அது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவர்கள் இருவரும் போனது தலைமைப் பதவிக்கு. ஃபெடரல் கோர்ட்டு மாவட்டத்துக்கு ஒருவர், ஜனாதிபதி நியமித்து செனட் ஒப்புதல் தர வேண்டும். உங்கள் மகள் மனு செய்திருப்பது உதவி யு.எஸ். அட்டர்னி வேலைக்கு, பெரிய மாவட்டங்களில் நூற்றுக்கு மேல் பேர் அந்தப் பெயரில் இருப்பார்கள். அவருக்கு மேலே பிரிவுத் தலைவர், அவருக்கும் மேலே ஒருவர் என்று ஏணி இருக்கும். ஜட்ஜம்மா என்று எழுந்து நிற்க ஆள் இருக்காது. அது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

உண்மையிலேயே யோசிக்க வேண்டியவை

வேலை நிலைக்குமா என்ற உங்கள் கேள்வி சரியான கேள்விதான். ஆட்சி மாறினால் யு.எஸ். அட்டர்னி போவது வழக்கம். மேலே சொன்ன இருவரும் 2021 பிப்ரவரியில் விலகினார்கள். உதவி அரசு வழக்கறிஞர்கள் கட்சி பார்க்காமல் தொடர்வதே நெடுநாள் மரபு. ஆனால் சட்டப்படி அவர்களை நியமிப்பதும் நீக்குவதும் அட்டர்னி ஜெனரலின் அதிகாரம், 2025-இல் இருந்து அந்த மரபு நன்றாகவே ஆட்டம் கண்டிருக்கிறது. அனுபவம் மிக்க பலர் நீக்கப்பட்டார்கள், சிலர் வழக்குப் போட்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் ஒரு வழக்கைக் கைவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தபோது, தற்காலிக யு.எஸ். அட்டர்னியாக இருந்த டேனியல் சசூன் 2025 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். நீதிபதியாக இருக்கும்வரை உங்கள் மகளுக்கு யாரும் ‘இதை இப்படி முடி’ என்று சொல்ல முடியாது. இனி சொல்லலாம். மறுக்கலாம், விலை உண்டு. பதவி இறக்கம் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் இதைப் பற்றி அவரிடம் பேசினால் பயன் உண்டு.

அரசு வேலை என்றால் முதல் தேதி சம்பளம் என்று நினைப்பீர்கள். பட்ஜெட் நிறைவேறாமல் ஃபெடரல் அரசு முடங்கினால் சம்பளமும் நிற்கும்; குற்ற வழக்கு நடத்துபவர்கள் வேலைக்கு வந்தாக வேண்டும். 2018–19-இல் 35 நாள், 2025-இல் 43 நாள் இப்படி முடங்கியது. பணம் பின்னால் வந்துவிடும், வீட்டுக் கடன் தவணை அதுவரை காத்திருக்காது. இரண்டு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பகை பற்றிய பயத்துக்கு நீண்ட பதில் என்னிடம் இல்லை. ஆபத்து இல்லாத இருக்கை கோர்ட்டுக் கட்டிடத்தில் எதுவும் இல்லை. 1979-இல் சான் அன்டோனியோவில் போதைக் கடத்தல்காரன் ஒருவனுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டவர் ஃபெடரல் நீதிபதி ஜான் வுட்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தெற்கு டெக்சாஸ் பக்கம் வேலை கிடைத்தால், முதல் வருடக் கட்டுகளில் பெரும் பகுதி, நாடு கடத்தப்பட்ட பிறகும் திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வந்தவர்களின் வழக்காக இருக்கும். பிழைக்க வந்தவர்கள். உங்கள் மகளும் வேறு வாசல் வழியாக, விசாவோடு, பிழைக்கப் போனவர்தான். ஒரு நாளைக்கு முப்பது தரம் எழுந்து நின்று அந்த மனிதர்களுக்கு எதிராகப் பேச மனது ஒப்புமா என்பதை அவர் முன்கூட்டியே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தால் நல்லது. சிலருக்கு ஒப்பும், சிலர் ஆறு மாதத்தில் வெளியே வந்துவிடுவார்கள். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

அவர் நீதிபதியாக நேரடியாகக் கையாண்ட வழக்கில் இனி வக்கீலாகத் தலையிட முடியாது. அவர் தண்டித்த ஒருவர் வேறு குற்றத்துக்காக ஃபெடரல் கோர்ட்டுக்கு வந்தால்? தானாகத் தடை வந்துவிடாது, ஆனால் முதல் நாளே மேலதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும்.

மறுபடி நீதிபதியாக?

வழி இருக்கிறது, ஒன்றுக்கு மூன்றாக. டெக்சாஸ் தேர்தலுக்கே திரும்புவது ஒன்று. இங்கே ஒரு முட்டுக்கட்டை: ஃபெடரல் ஊழியர் கட்சித் தேர்தலில் வேட்பாளராக நிற்கக் கூடாது என்று ஹேட்ச் சட்டம் தடுக்கிறது. மனுத் தாக்கலுக்கு முன்பே வேலையை விட வேண்டும். தோற்றால் இரண்டும் போச்சு. இரண்டாவது, ஃபெடரல் மேஜிஸ்ட்ரேட் நீதிபதி. ஃபெடரல் மாவட்ட நீதிபதிகளே தேர்ந்தெடுப்பார்கள், 8 ஆண்டுக் காலம், நன்கொடை கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டாம். உள்ளூர் நீதிபதியாகவும் ஃபெடரல் வழக்கறிஞராகவும் இருந்த ஒருவருக்கு இந்தப் பதவி பொருந்தும், என் கண் இதன் மேல்தான். மூன்றாவது, ஆயுள் முழுக்க நீடிக்கும் ஃபெடரல் நீதிபதிப் பதவி. அதற்கு ஜனாதிபதியும் செனட்டும் காலமும் கூடிவர வேண்டும். கென்டக்கியில் யு.எஸ். அட்டர்னியாக இருந்த அமுல் தாப்பர் அந்த வழியில் போனவர். சென்னையில் பிறந்த ராஜ ராஜேஸ்வரியும் நியூயார்க்கில் பல வருடம் உதவி அரசு வழக்கறிஞராக இருந்துதான், 2015-இல் நகரக் குற்றவியல் கோர்ட்டு நீதிபதியானார். அவர் இருந்தது ஃபெடரல் அலுவலகம் இல்லை. ஆனாலும் கொடையில் யாராவது கேட்டால் சொல்ல உங்களுக்கு ஒரு பெயர் வேண்டுமே.

மனையும் டெபாசிட்டும்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள் ஐயா.

ஃபெடரல் வழக்கறிஞர் வேலைக்குத் தேர்வானவர் எஸ்.எஃப்.-86 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். நூறு பக்கத்துக்கு மேல் போகும். வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர், வெளிநாட்டுப் பயணம், அங்குள்ள வங்கிக் கணக்கு, சொத்து எல்லாம் அதில் கேள்விகள். எஃப்.பி.ஐ. அதைச் சரிபார்க்கும். இந்தியாவில் அப்பா இருக்கிறார், ஒரு மனை இருக்கிறது என்பதால் வேலை போகாது. என் வட்டாரத்தில் கூட்டுப் பட்டாவோடு அந்த வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தே மறைத்தால் கதை வேறு: அது தனிக் குற்றம், 5 ஆண்டு வரை சிறை. மற்றவர்கள் பொய் சொன்னால் வழக்குப் போடும் வேலைக்குப் போகிறவர், உள்ளே நுழையும் படிவத்திலேயே ஒரு பொய்யோடு போகக் கூடாது.

சங்கடம் என்னவென்றால், உங்கள் கடிதத்தைப் பார்த்தால் டெபாசிட்டில் அவர் பெயரைச் சேர்த்தது அவருக்கே தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். “அவளுக்கு ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றே சொல்லிவிடுங்கள்.

ஏனென்றால் இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்கக் குடிமக்களுக்கு வெளிநாட்டில் இருக்கும் கணக்குகளின் மொத்தம் வருடத்தில் என்றைக்காவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும், அந்த வருடத்துக்கு ‘எஃப்பார்’ என்ற அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். கூட்டுக் கணக்கானாலும் முழுத் தொகையையும் காட்ட வேண்டும். உங்கள் 15 லட்சம் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. மனைக்கு அந்த அறிக்கை கிடையாது, கணக்குக்கு உண்டு. டெபாசிட் வட்டியில் அவர் பங்கு அவருடைய அமெரிக்க வருமான வரிக் கணக்கிலும் வர வேண்டும். விட்டுப்போயிருந்தால், வரித்துறை கேட்கும் முன்பு தானாக முன்வந்து தாமதமாகத் தாக்கல் செய்ய வழிமுறை இருக்கிறது. அமெரிக்காவில் இந்திய விவகாரம் தெரிந்த வரிக் கணக்காளரை அவர் பார்க்கட்டும். ஊரில் நீங்கள் வங்கியில் ஒன்று கேளுங்கள்: வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற மகளை எந்த வகைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள், அது விதிப்படி சரியா என்று. அவசரப்பட்டு டெபாசிட்டை உடைத்து அவர் பெயரை எடுத்துவிடாதீர்கள். பழைய வருடங்களின் கணக்கு அதனால் மறையாது, புதிதாக ஒரு கேள்விதான் முளைக்கும்.

அவருக்கு அனுப்ப வேண்டியவை: மனையின் பத்திர நகல், வில்லங்கச் சான்று, டெபாசிட் ரசீதுகள், பெயர் சேர்த்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் கணக்கில் இருந்த அதிகபட்சத் தொகை. 34 வருடம் கோர்ட்டு ரிஜிஸ்தர் எழுதியவர் நீங்கள். தேதி வாரியாக ஒரு தாளில் பட்டியல் போட்டுக் கொடுத்தால் அந்தப் படிவத்தில் அவருக்குப் பாதி வேலை குறையும்.